புல் இலைக்குள் வாழும் வெள்ளை அந்துப்பூச்சி: கேள்வி பதில்

எலாகிஸ்டா அர்ஜென்டெல்லா என்ற ஐரோப்பியப் புல்வெளிப் பூச்சி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: எவ்வளவு பெரிது? எப்போது பார்க்கலாம்?

சிறகை விரித்தால் சுமார் 1 செ.மீ. புள்ளியோ கோடோ இல்லாத வெள்ளை. மே முதல் ஜூலை வரை சாயங்காலத்தில் புல்வெளியில் பறக்கும். 1759-இல் இதை விவரித்தவர் சுவீடன் நாட்டு கார்ல் கிளெர்க்.

கேள்வி: அவ்வளவு மெல்லிய இலைக்குள் புழு எப்படி இருக்கிறது, அக்கா?

மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள பச்சைச் சதையை மட்டும் தின்னும். நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்கும். பார்ப்பவருக்கு நுனி காய்ந்த புல்லாகத்தான் தெரியும், அதனால்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இலையைப் பறிக்காமல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளுத்த பகுதிக்குள் புழுவும் அதன் எச்சமும் தெரியும். லென்ஸில் தலை தனியாக, கெட்டியாகத் தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழு. தலையே இல்லாமல் முன்முனையில் கறுப்பு வாய்க்கொக்கி மட்டும் இருந்தால் அது ஈயின் புழு.

கேள்வி: குளிர்காலத்தில் என்ன ஆகும்?

புழுவாகவே இருந்து கழிக்கும். வசந்தத்தில் மறுபடி தின்னும். ஓர் இலை போதாவிட்டால் வெளியே வந்து இன்னொன்றுக்குள் புகும். கடைசியில் இலைக்கு வெளியேதான் கூட்டுப்புழுவாகும். எலாகிஸ்டா என்ற இந்தப் பேரினத்தில் பல இனங்கள் பட்டுக்கூடு கட்டுவதில்லை. இடுப்பில் பட்டு நூலைச் சுற்றித் தண்டோடு தங்களைக் கட்டிக்கொள்ளும். நம்மூர் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

கேள்வி: எங்கள் நெல்லில் வரும் இலைச்சுருட்டுப் புழுவும் இதே வகையா?

இல்லைங்க. அதுவும் அந்துப்பூச்சிதான், ஆனால் இலையை மடித்து உள்ளிருந்து சுரண்டும். தோலுக்கு இடையில் போகாது. நெல் இலைக்குள் குடைவது முள்வண்டின் புழு. நம்மூரில் இலை குடையும் அந்துப்பூச்சி வேண்டுமென்றால் நிலக்கடலைச் சுருள்பூச்சியைப் பாருங்கள். இளம்புழு இலைக்குள் இருக்கும், அப்புறம் வெளியே வந்து இலைகளைப் பிணைக்கும்.

கேள்வி: படம் அனுப்பினால் இனத்தை உறுதியாகச் சொல்வீர்களா?

வெள்ளை எலாகிஸ்டாக்கள் பல உண்டு. சிலவற்றைப் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். புழு எந்தப் புல்லில் இருந்தது என்பதையும் எழுதுங்கள், பாதி வேலை முடியும்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். தோட்டத்துப் புல்லில் இது இருந்தால் மருந்து அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதனால் புல் சாகாது. ஏப்ரலில் ஒட்ட வெட்டினாலே இலையோடு புழுவும் போய்விடும். அதனால் பூச்சி பிழைக்க வேலியோரம் ஒரு பட்டை அளவு புல்லை ஜூலை முடியும்வரை வளரவிடுங்கள்.