மரபணு சிகிச்சைத் துறைக்கு பயோடெக் ஒன்றுதான் வழியா?

மரபணு சிகிச்சைத் துறைக்குப் போக பயோடெக் (உயிரித் தொழில்நுட்பம்) படிக்கவேண்டும் என்கிறாள் மகள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயோடெக் படித்துவிட்டு சம்பந்தமில்லாத வேலைக்குப் போனவர்களைப் பார்த்த பெற்றோர் தயங்குவது நியாயம்தான். ஆனால் உங்கள் மகள் கேட்பது, வைரஸ் உதவியில்லாமல் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் துறை. பெயரில்தான் மரபணு, அன்றாட வேலையில் பெரும்பகுதி வேதியியலும் மருந்து தயாரிப்பும்.

2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்தைப் பாருங்கள். அதில் ஆர்என்ஏவை (டிஎன்ஏ போன்ற மரபுப்பொருள்) சுமப்பவை நான்கு கொழுப்புப் பொருள்கள், அதாவது லிப்பிட்கள்: மின்னேற்றம் பெறக்கூடிய லிப்பிட் 50, கொலஸ்ட்ரால் 38.5, டிஎஸ்பிசி என்ற லிப்பிட் 10, பெக் என்ற பாலிமர் இணைத்த லிப்பிட் 1.5 என்ற மூலக்கூறு விகிதத்தில். இத்தகைய துகள் செய்ய, லிப்பிட்களை எத்தனாலிலும் ஆர்என்ஏவை பிஎச் 4 பஃபரிலும் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) கரைத்து, பொதுவாக 1 பங்கு எத்தனாலுக்கு 3 பங்கு பஃபர் வீதம் நுண்குழாய்க் கருவியில் சட்டென்று கலப்பார்கள். பிறகு சவ்வு வழியே வடிக்கும் டயாலிசிஸ் முறையில் எத்தனாலை நீக்கி, பிஎச்சை 7.4-க்குக் கொண்டுவருவார்கள். துகள் சுமார் 100 நானோமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆர்என்ஏவில் 90 சதவீதமாவது உள்ளே அடைபட்டிருக்கவேண்டும்.

கலப்பது மெதுவானால் துகள் பருத்துவிடும். எத்தனால் மிஞ்சினாலோ, சுக்ரோஸ் (சர்க்கரை) சேர்க்காமல் உறையவைத்தாலோ திரண்டுபோகும். கையுறையில்லாத விரல் பட்டால் ஆர்என்ஏ சிதையும். இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். சரியாகாதவை இரண்டு: செல்லுக்குள் போன சரக்கில் பெரும்பகுதி எண்டோசோம் என்ற பைக்குள்ளேயே சிக்கி அழிகிறது, தப்புவது சில சதவீதமே, ரத்தத்தில் ஏற்றிய துகள்கள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்விடுகின்றன. இத்துறைக்கு ஆராய்ச்சியாளர்கள் தேவைப்படுவது இந்த முடிச்சுகளால்தான்.

ஆகவே பி.டெக் பயோடெக் கலந்தாய்வில் கிடைத்தால் சேரட்டும். கிடைக்கவில்லையென்று கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகவேண்டாம். பி.ஃபார்மோ பி.எஸ்சி வேதியியலோ படித்தும் இங்கே வரலாம். பி.ஃபார்மில் கூடுதல் லாபம் உண்டு: மனம் மாறினாலும் மருந்து ஆலைகளில் ஃபார்முலேஷன் (மருந்தை வடிவமைப்பது), தரக்கட்டுப்பாடு வேலைகள் இருக்கின்றன. முதுகலையில் பயோடெக்குக்கு ஜிஏடி-பி, எம்.ஃபார்முக்கு ஜிபேட், வேதியியலுக்கு ஜாம் தேர்வு. ஆராய்ச்சிக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம்வரை சுமார் பத்தாண்டு ஆகும். இளங்கலையோடு நிறுத்துவதாக இருந்தால் இத்துறையை நினைக்கவேண்டாம்.

இந்தியாவிலும் வேர் இருக்கிறது. அகமதாபாத்தின் சைடஸ் 2021-இல் டிஎன்ஏ தடுப்பூசிக்கும், புனேயின் ஜெனோவா 2022-இல் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கும் அவசர அனுமதி பெற்றன. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) மரபணு சிகிச்சை ஆய்வைப் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது லென்டிவைரஸ் என்ற வைரஸைக் கொண்டு மரபணுவைச் செலுத்தும் வழி, வேறு பாதை.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். செல் வளர்ப்பு அறை, துகள் அளவு பார்க்கும் டிஎல்எஸ் கருவி, ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கி இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். ஒளிரும் ஜிஎஃப்பி மரபணுவை பாலிஎத்திலீன் இமைன் என்ற பாலிமர் கொண்டு செல்லுக்குள் செலுத்தி, 48 மணி நேரம் கழித்து எத்தனை செல்கள் ஒளிர்கின்றன, எத்தனை செத்தன என்று எண்ணுவது இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் போதும். பாலிமர் கூடினால் செல் சாகும், குறைந்தால் மரபணு உள்ளே போகாது. அந்த அளவைத் தேடுவதுதான் பயிற்சி. அந்தக் கருவிகளைத் தொடவிடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா என்று அங்கே படிக்கும் இறுதியாண்டு மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள்.