பாடப்புத்தகத்திலேயே படம் இருக்கும்போது டிஜிட்டல் அருங்காட்சியகம் எதற்கு?

டிஜிட்டல் அருங்காட்சியக வளம் என்றால், அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பொருளை நுணுக்கமாகப் படமெடுத்தோ முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தோ, விவரக் குறிப்போடு இணையத்தில் வைப்பது.

புத்தகப் படத்தில் நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டார். டிஜிட்டல் வளத்தில் மாணவரே திருப்பி, பெரிதாக்கித் தேடலாம். கடைக்காரர் எடுத்துப் போடும் கத்தரிக்காய்க்கும் நாமே புரட்டிப் பார்த்துப் பொறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பழங்கால எகிப்தின் கல்வெட்டான ரொசெட்டா கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2017-இல் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. கி.மு. 196-ஆம் ஆண்டின் ஒரே ஆணை, மூன்று எழுத்து வடிவங்களில். மேலே சித்திர எழுத்து, நடுவே டெமோட்டிக் எனும் எகிப்தியரின் அன்றாட எழுத்து, கீழே கிரேக்கம். "நீள்வட்டக் கோட்டுக்குள் அடைபட்ட எழுத்துகள் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் தேடிப் பிடிப்பார்கள். அது எகிப்தை ஆண்ட தொலெமி மன்னரின் பெயர். சித்திர எழுத்தைப் படிக்க அறிஞர்களுக்குப் பிடி கொடுத்ததும் அதுதான். விடையை முன்பே சொல்லிவிட்டால் சுவாரசியம் போச்சு.

அப்புறம், இது இருந்தால் நேரில் போகவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: திரையில் உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கல், நேரில் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 760 கிலோ எடை.