சான்றிதழ் கொடுத்தும் ஆட்கள் நிற்கவில்லையே?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 40 பேர். இப்போதைக்குச் சம்பளத்தைக் கூட்ட வழியில்லை என்பதால் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' விருது தொடங்கினோம். ஆறு மாதத்தில் நல்ல ஆட்கள் நான்கு பேர் விலகிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: விருதின் அமைப்பிலேயே. மாதம் ஒருவர் மேடையேற, 39 பேர் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். சில மாதங்களில் அது முறை வைத்துக் கொடுக்கும் சடங்காகிவிடும். அப்போது உண்மையாக உழைப்பவருக்குத்தான் முதலில் மனம் விட்டுப்போகும்.

பாராட்டும் பொறுப்பை நேரடி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். வேலை நடந்த இரண்டு நாளுக்குள், என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். "சூப்பர், கலக்கிட்டீங்க" காற்றோடு போய்விடும். "நேத்து அந்த பில்லுல வரி ரெண்டு தடவை ஏறியிருந்ததை நீங்க பிடிச்சீங்க, இல்லேன்னா கஸ்டமருக்குத் தப்பான தொகை போயிருக்கும்" என்றால், தன் வேலையை ஒருவர் பார்க்கிறார் என்று அவருக்குப் புரியும். கூட்டத்தில் பாராட்டினால் கூசிப்போகிறவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். கூடவே குறையையும் சேர்க்காதீர்கள். 'ஆனால்' வந்ததும் முன்னால் சொன்னது மறந்துவிடும்.

கேள்வி: ராஜினாமா கடிதம் வந்த பிறகுதான் காரணமே தெரிகிறது. முன்பே அறிய முடியுமா?

பதில்: முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். அப்ரைசலோடு (வேலைத்திறன் மதிப்பீட்டோடு) கலக்கவே கூடாது. கலந்தால் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். எந்த வேலை பிடிக்கிறது, எது எரிச்சல் தருகிறது, கடைசியாக எப்போது விலக நினைத்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் செய்யுங்கள். முடியாததற்குக் காரணம் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

பலர் கேட்பது நேரத்தைத்தான். சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான ட்ரிப்.காமில் 1,612 பேரை வைத்து ஆறு மாதம் சோதித்தார்கள். ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத்தரம் குறையவில்லை. முடிவு 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையா? ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டி, தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள்.

கேள்வி: இவையெல்லாம் சம்பளத்துக்கு ஈடாகுமா?

பதில்: ஆகாது. உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார்: சம்பளம் போதாவிட்டால் அதிருப்தி வரும், அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியவை ஊக்கம் தரும். ஒன்றின் பள்ளத்தை மற்றொன்றால் நிரப்ப முடியாது. சந்தை நிலவரத்தைவிடக் குறைவாக வாங்குபவர் யார் யார் என்று முதலில் பட்டியல் எடுங்கள். உடனே கூட்ட முடியாவிட்டால், எந்த மாதத்தில் சரிசெய்வீர்கள் என்று அவர்களிடம் தேதியோடு சொல்லுங்கள்.