குளிர்மலையில் ட்ரெக்கிங் போகும்போது கூடாரத்துக்கு வெளியே, நட்சத்திரங்களைப் பார்த்தபடி தூங்க முடியுமா?

முடியும். நானே தூங்கியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், இரவு ஒன்றரை மணிவரை படுத்திருந்தேன். தூங்கினேன் என்று எழுதினால் உடன் வந்தவர்கள் இங்கேயே சண்டைக்கு வருவார்கள்.

நீங்கள் ஸ்லீப்பிங் பேக் வாங்கியாகிவிட்டது, வீட்டில் யாரோ "பேசாமல் உள்ளே படு" என்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் கதையும் அதேதான்.

3,200 மீட்டர் உயரத்தில் முகாம். சாயங்காலம் மேகமெல்லாம் கலைந்துவிட்டது. மற்றவர்கள் கூடாரத்துக்குள் போக, நான் மட்டும் வெளியே. பையின் எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நுரைப் பாயை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். அத்தனை தடிமனான ஸ்லீப்பிங் பேக் இருக்கும்போது பாய் எதற்கு?

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அதற்கப்புறம்தான் வானம் நிறையும். தெருவிளக்குக்கு நடுவே கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணுவதே பெரிய பாடு. அன்று எட்டு எண்ணினேன். ஒன்பதாவது தேடும்போது ஒருவர் ஹெட்லேம்ப்பை நேராக என் முகத்தில் அடித்து, "இன்னும் தூங்கலையா?" என்றார். போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்த விளக்கிலேயே சிவப்பு வெளிச்சம் இருக்கிறது, அதைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம்தான் குளிர் வந்தது. மேலிருந்து இல்லை, முதுகுக்குக் கீழிருந்து. நம் எடையில் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது அதிலுள்ள காற்றுதான். அது போனால் நேரே தரையில் படுத்த கணக்கு. மேகமும் இல்லை. மேகம் இருந்தால் தரை விடும் வெப்பத்தில் கொஞ்சம் திரும்பி வரும், இல்லாவிட்டால் வானத்துக்கே போய்விடும். நட்சத்திரம் நன்றாகத் தெரியும் ராத்திரி அதனால்தான் அப்படிக் குளிர்கிறது. நள்ளிரவில் தொட்டுப் பார்த்தால் பேக்கின் மேல் உறைபனி. மூக்கு வலிக்கிறதே என்று முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன், மூச்சின் ஈரத்தில் உள்பக்கமும் நனைந்தது. ஒன்றரைக்கு யார் காலையோ மிதித்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தேன்.

காலையில் ஒருவர், "பெண்களுக்குக் குளிர் தாங்காதுங்க" என்றார். அந்தக் கோபத்தில்தான் பேக்கின் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். உறையில் பெரிதாக மைனஸ் 5. உள்ளே பொடி எழுத்தில் இன்னொரு எண், 1 டிகிரி. இந்த 1 டிகிரிதான் பெண்ணின் உடம்பை வைத்துக் கணக்கிட்ட சௌகரிய அளவு. மைனஸ் 5 என்பது ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிர்ணயமே அப்படித்தான் பிரிக்கிறது. அந்த 1 டிகிரியைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்களாம். மருந்து அட்டையாகட்டும், கடன் பத்திரமாகட்டும், நமக்கு வேண்டியது மட்டும் பூதக்கண்ணாடிக்கு என்று எழுதிவைத்திருக்கிறது.

மைனஸ் 20-இல் வெறுந்தரையில் படுத்தவர்கள் கீழே கமெண்டில் வந்து சிரிக்கலாம். சிரியுங்கள். நான் முதல் தடவை போகிறவருக்குச் சொல்கிறேன். பாய் கட்டாயம், முடிந்தால் இரண்டு. முகத்தை வெளியே விட்டுத் தலைக்குக் கம்பளிக் குல்லாய். உலர்ந்த சாக்ஸ் தனியாக. காற்று பலமாக வீசினாலோ மழை வரும்போல் இருந்தாலோ வீம்பு வேண்டாம். நிலவு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

அடுத்த வருடம் இரண்டு பாயோடு போய் விடியும்வரை வெளியேதான் படுத்திருந்தேன். அந்த ஹெட்லேம்ப் ஆசாமியும் வந்திருந்தார்.