1940, 50கள்ல இங்கிலாந்து ரெப்பர்ட்டரி (வாராவாரம் புது நாடகம் போடற) நாடகக் கம்பெனிகள்ல வெளிநாட்டுல இருந்து போனவங்க நடிகரா பொழைக்க முடிஞ்சுதா? திறமை இருந்தா போதுமா?

திறமை இருந்தா போதுமானு கேக்கறத பாத்தா நீங்களும் எங்கயோ ஆடிஷன் போய்ட்டு வந்து கடுப்புல இருக்கீங்கனு தோணுது, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எர்ல் கேமரன்னு ஒருத்தர். 1917ல பெர்முடா தீவுல பொறந்த கறுப்பினத்தவர், கப்பல் வேலையில சுத்திட்டு 1939ல லண்டன் வந்து ஓட்டல்ல தட்டு கழுவினார். 'சூ சின் சௌ' நாடகத்துல நண்பர் ஒருத்தர் இருந்தாரு, அதுல ஒரு ஆள் வராம போகவும் இவர உள்ள தள்ளிவிட்டாங்க. அவ்ளோதான் ஆரம்பம். அப்புறம் ஐரா ஆல்ட்ரிட்ஜ்னு 19ஆம் நூற்றாண்டுல பெரிய கறுப்பின நடிகர், அவரோட மகள் அமாண்டா கிட்ட குரல் பயிற்சி எடுத்தார், அதனால உச்சரிப்பு சரியில்லனு சாக்கு சொல்லவும் வழியில்ல.

ஆனா ரெப்பர்ட்டரிங்கறது எப்படினா, ராத்திரி இந்த வார நாடகம், பகல்ல அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, திங்கக்கிழமை ஆனா புது வேஷம். கர்னல், பாதிரியார், பட்லர்னு மாத்தி மாத்தி போட்டுத்தான் வெள்ளைக்கார பசங்க நடிப்பு கத்துக்கிட்டாங்க. பணக்கார வெள்ளைக்கார வீட்டு வரவேற்பறையில நடக்கற அந்த மாதிரி நாடகங்கள்ல கேமரனுக்கு எங்க வேஷம் இருக்கும்? பெரும்பாலும் கறுப்பின வேஷம் இருக்கற அமெரிக்க நாடகம் வந்தாத்தான் இவருக்கு வேலை. அப்படி வந்த 'டீப் ஆர் தி ரூட்ஸ்' லண்டன்ல நடந்தப்ப ஹீரோவுக்கு மாத்து ஆளா இருந்தார், அப்புறம் அதே வேஷத்த ஊர் ஊரா டூர்ல நடிச்சார். மத்தவனுக்கு வருஷத்துக்கு எத்தனையோ வேஷம், இவருக்கு டூர் பூரா அதே ஒண்ணு. "அப்ப காலம் அப்படி"னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும், வாங்க.

என் கதைய சொல்றேன், அவரோட என்ன ஒப்பிடல, நான் ஐடி ஆளு. பர்மிங்ஹாம் பக்கம் ஒரு அமெச்சூர் குழுவுல மூணு வருஷம் இருந்தேன். மூணு தடவையும் ஆடிஷன்ல நல்லா பண்ணீங்கனு சொல்லிட்டு குடுத்த வேஷம் டாக்டர், கடைக்காரர், மறுபடி டாக்டர். மூணாவது நாடகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி முக்கிய நடிகருக்கு அம்மை போட்டுடுச்சு. ஒத்திகை பூரா ஓரமா உக்காந்து மறந்த வசனத்த எடுத்துக் குடுத்தது நான்தான், மொத்த டயலாக்கும் மனப்பாடம், வேற வழியில்லாம என்ன ஏத்துனாங்க. ஒரு இடத்துல திக்குனேன், மறைக்கல, ஆனா மூணு ஷோவும் ஓடுச்சு, ஒரு பாட்டி வந்து கைய புடிச்சிட்டு விடவே இல்ல. அடுத்த சீசன் லிஸ்ட் வந்துச்சு. எனக்கு மறுபடி கடைக்காரர். வெளிய வந்துட்டேன், எல்லாத்தையும் நிறவெறினு சொல்ற ஆள் நான் இல்ல, அந்த டைரக்டர் நல்ல மனுஷிதான், அவங்களுக்கு என்ன பாத்தா கடைதான் ஞாபகம் வருது போல.

கேமரன் 1951ல 'பூல் ஆஃப் லண்டன்' படத்துல பேர் வாங்கினார், அப்புறமும் வேலை விட்டு விட்டுத்தான். 1979ல சாலமன் தீவுகளுக்கு குடி போய் அங்க ஐஸ்க்ரீம் கடை நடத்தினார். திரும்பி வந்து நடிச்சு, 2020ல 102 வயசுல போய் சேந்தார்.

நம்ம ஆளுங்க மட்டும் ஒழுங்கானு நெனைக்காதீங்க. இங்க பொங்கல் விழா நாடகத்துல ஹீரோ யாருனா ஹாலுக்கு காசு குடுத்தவர் பையன், அவனுக்கு தமிழே வராது, வசனத்த இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சு படிக்கறான், அத சரி பண்ணி குடுக்கறது யாருனு கேக்காதீங்க.