கூட்ட அறை மைக்: எழுத்துக் கட்டளையால் கெயினை (ஒலிப் பெருக்க அளவை) மாற்றுவது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்ட அறையில் சாதாரண வயர் மைக் மூன்று, ஸ்பீக்கர் இரண்டு உள்ளன. வெளியூர் உறுப்பினர்கள் ஜூமில் சேர வேண்டும். பயாம்ப் டெசிரா ஃபோர்டே, ஷூர் பி300 என்ற இரண்டு ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் கொட்டேஷன் வந்திருக்கிறது. லேப்டாப்பில் கட்டளை தட்டியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கட்டளை இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் பி300-இன் அனலாக் உள்ளீடுகள் லைன் அளவுக்கானவை, அதாவது மைக்கைவிட வலுவான சிக்னலுக்கு. சில மைக்குகளுக்கு வயர் வழியாகவே தர வேண்டிய ஃபேண்டம் மின்சாரமும் தராது. நெட்வொர்க் கேபிள் வழியாக ஒலி அனுப்பும் டாண்டே மைக்குகளுக்காகவே செய்த பெட்டி அது. உங்கள் வயர் மைக்குகளுக்கு ஃபோர்டேதான் சரி. கொட்டேஷனில் மாடலின் முழுப் பெயரைப் பாருங்கள்: ஃபோர்டே ஏஐ-யில் எதிரொலி நீக்கம் கிடையாது, சிஐ-யில் உண்டு. ஜூமுக்கு அது இல்லாமல் முடியாது. வெளியூரிலிருந்து பேசுபவரின் குரல் அவருக்கே திரும்பி வரும்.

டெசிராவில் கட்டளை டெல்நெட் (நெட்வொர்க் வழியாக எழுத்துக் கட்டளை அனுப்பும் முறை) போர்ட் 23 வழியாகப் போகும். டெல்நெட் அணைத்திருந்தால் முதலில் அதை இயக்க வேண்டும். வடிவத்தை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறோம், அனுப்பும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

ஹால்மைக் செட் லெவல் 1 -6
ஹால்மைக் கெட் லெவல் 1
ஹால்மைக் இன்க்ரிமென்ட் லெவல் 1 2

முதல் வரி 1-ஆம் சேனலை -6 டெசிபலில் வைக்கும். இரண்டாவது இப்போதைய அளவைக் கேட்கும். மூன்றாவது 2 டெசிபல் கூட்டும். சரியென்றால் 'பிளஸ் ஓகே', தவறென்றால் 'மைனஸ் எர்' என்று தொடங்கும் பதில் வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே தவறுதான்.

'ஹால்மைக்' என்பது பெட்டியைப் பொருத்துபவர் கான்ஃபிகரேஷன் ஃபைலில் அந்த பிளாக்குக்கு (ஒரு வேலையைச் செய்யும் பகுதிக்கு) வைத்த பெயர். பெயர் தெரியாவிட்டால் கட்டளையே இல்லை. 'செஷன் கெட் ஏலியாசஸ்' என்று அனுப்பினால் பெட்டி பெயர்ப் பட்டியலைத் தரும். ஆனாலும் அந்த ஃபைலையும் பாஸ்வேர்டையும் பணம் கொடுக்கும் முன்பே வாங்கி, பில்லில் எழுதச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் ஒரு மைக் சேர்க்க அந்த ஃபைல்தான் வேண்டும்.

எந்த கெயினை மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். மைக் முன்பெருக்கியின் (மைக் சிக்னலை முதலில் வலுவாக்கும் பகுதியின்) கெயின் 6 டெசிபல் படிகளாக மாறும். எதிரொலி நீக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது அதைத் தொட்டால் எதிரொலி நீக்கும் பகுதி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அதுவரை எதிரொலி கேட்கும். முன்பெருக்கியை ஒருமுறை சரிசெய்து விட்டுவிடுங்கள். அன்றாடம் அதற்குப் பிந்தைய லெவல் பிளாக்கை மட்டும் மாற்றுங்கள். ஸ்பீக்கர் வால்யூம் பிளாக் மட்டும், எதிரொலி நீக்கத்துக்கு ரெஃபரன்ஸ் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் மாதிரி) எடுக்கும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

'இன்க்ரிமென்ட்' கட்டளையை இரண்டு பேர் மாறி மாறி அனுப்பினால் சத்தம் ஏறி மைக் கூவும். அந்த பிளாக்கில் மேல் எல்லையை 6 டெசிபலாகவும், கீழ் எல்லையை -30 ஆகவும் கட்டிவிடச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்ததும் 'செட்' கட்டளையை ஒருமுறை அனுப்புவது நல்ல பழக்கம். மழைக்காலத்துக்கு யூபிஎஸ்-ஸும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பி300 வாங்கியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அதன் போர்ட் 2202. கெயின் எண் 0 முதல் 1400 வரை, 0.1 டெசிபல் படி. 1100 என்றால் 0 டெசிபல். 1130 என்றால் +3. '+3 வேண்டும்' என்று 0003 அனுப்பினால் -109.7 ஆகிவிடும், அறையே ஊமை. மைக் கெட்டுவிட்டதென்று சர்வீசுக்கு அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வீட்டிலிருந்தே ஆன்லைன் நடன வகுப்பு நடத்துகிறேன், அதுதான் என் பிழைப்பு. இப்படி ஒரு கருவி வாங்கினேன். தருவதாக பில்லில் எழுதிய பாஸ்வேர்டை விற்றவர் இப்போது தர மறுக்கிறார்.

பதில்: முதலில் எழுத்து மூலம் கேட்டு, தேதி போட்டு நகல் வையுங்கள். பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. வணிகத்துக்கு வாங்கியது என்று அவர் வாதிடலாம். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே பயன்படுத்துவது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர்தான். மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.