நண்பர்கள் வீடுகள் வழியாக ஐரோப்பாவை ரயிலில் சுற்றுவது எப்படி?

கேள்வி இது: "ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று ஆளுக்கொரு நாட்டில் என் நண்பர்கள் இருக்கிறார்கள். முதுகுப்பையோடு ரயிலிலேயே போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

தாராளமாக முடியும். நான் அப்படித்தான் போனேன். திருச்சியில் என்னோடு படித்தவன் ஜெர்மனியின் ஆஹன் நகரில் மேற்படிப்பில் இருந்தான். யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்து பாரிஸில் வளர்ந்த தோழி ஒருத்தி. என் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி சூரிக் பக்கத்தில் குடும்பமாகிவிட்டாள். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த ஸ்லோவேனியாக்காரர் ஒருவர் லுப்லியானாவுக்கே திரும்பிவிட்டார். இந்த நான்கு வீடுகளும்தான் என் பயணத்தின் வரைபடம். ஊர்கள், மலைகள், தேவாலயங்கள் எல்லாம் இவற்றுக்கு நடுவில் தானாக வந்து சேர்ந்தவை.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஈஃபிள் கோபுரம், ரோம், இன்டர்லாக்கன் என்று பட்டியல் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் மாலை நேரத்தை நண்பருக்கு ஒதுக்குகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அசந்துபோய் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுத் தூங்கி, விடிந்ததும் கிளம்பினால் அது அவரைப் பார்த்த கணக்கில் வராது.

ஆகவே முதலில் நண்பர்களிடம் கேளுங்கள். எந்த வார இறுதி ஓய்வாக இருப்பீர்கள்? வீட்டில் தங்கலாமா, எத்தனை இரவு? வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி ஞாயிறுதான் கைக்கு வரும். ஆளுக்கொரு வார இறுதி என்று கொடுத்துவிட்டால் மூன்று நான்கு நண்பர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. நடுவிலுள்ள வார நாட்கள் உங்களுக்கு. மாணவராக இருக்கும் நண்பரை மட்டும் வார நாளில் போய்ப் பார்க்கலாம். தேதிகள் கிடைத்தபிறகு, வந்த வழியே திரும்பாதபடி ஊர்களை ஒரே கோட்டில் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்தில் இறங்கி வேறொரு நகரத்திலிருந்து ஊர் திரும்புவதுபோல் விமான டிக்கெட் எடுப்பது நல்லது. நான் பிராங்பர்ட்டில் இறங்கி வியன்னாவிலிருந்து கிளம்பினேன்.

ரயில் பாஸ் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெய்ல், அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெய்ல். இரண்டும் 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை இளையோர் கட்டணம் உண்டு. ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட 7 நாட்கள் என்பதுபோன்ற பாஸ்தான் இந்த மாதிரிப் பயணத்துக்குத் தோது, ஏனென்றால் நண்பர் வீட்டில் இருக்கும் நாட்களில் பாஸ் வீணாகாது. பாஸ் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றில் தனியாகக் காசு கட்டி இடம் பதிய வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் குறைவு, அதை முதலில் பதிந்துவிடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களில் சும்மா ஏறி உட்காரலாம். ஊருக்குள் ஓடும் மெட்ரோ, டிராமுக்குப் பொதுவாகப் பாஸ் செல்லாது. தேதியெல்லாம் மாறவே மாறாது என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது மலிவாகக்கூட முடியலாம். ஆனால் நண்பர்களை நம்பிப் போகும்போது தேதி மாறும். ஒருவருக்குத் திடீரென்று அலுவலக வேலை வரும், இன்னொருவர் "இன்னும் ஒரு நாள் இரு" என்பார். அதற்காகவே எனக்குப் பாஸ் பிடித்திருந்தது.

சரி, வழிக்கு வருகிறேன். ஆஹன் போகும் வழியில், பிராங்பர்ட்டிலிருந்து கொலோனுக்கு இரண்டு பாதைகள். 2002இல் திறந்த அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், பெரும்பாலும் சுரங்கமும் நெடுஞ்சாலையும்தான் கண்ணில் படும். மைன்ஸ், கோப்லென்ஸ் வழியாக ரைன் நதியை ஒட்டிப் போகும் பழைய பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பழைய பாதையில் போங்கள். மைன்ஸிலிருந்து வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல். பிங்கனைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகி, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை எழுந்து நிற்கும். கவ்ப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே ஒரு சுங்கக் கோட்டை இருக்கிறது. கப்பல்களை நிறுத்தி வரி வாங்கக் கட்டியது.

ஆஹனில் பார்க்க வேண்டியது பேரரசர் சார்லமேன் கட்டிய தேவாலயம். 1978இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலை ஆரம்பித்தபோது அதில் இடம்பெற்ற முதல் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. ஆனால் எனக்கு ஆஹன் என்றால் மனதில் வருவது, நண்பன் சாயங்காலம் பேருந்தில் கூட்டிப்போன ஃபால்ஸ் குன்று. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் அந்த உச்சியில் சந்திக்கின்றன. பரீட்சை முடிந்த நாட்களில் அவன் நடக்கப் போகும் இடம் அது. தனியாகப் போயிருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

அங்கிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார். இறங்குவது கார் து நோர் நிலையத்தில். வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் லா ஷப்பெல், தமிழ்ப் பெயர்ப்பலகைகளோடு கடைகள் வரிசையாக நிற்கும் பகுதி. தோழியின் அம்மா சனிக்கிழமைச் சாமான் வாங்க அங்கேதான் வருவார். "வாங்கோ பிள்ளை" என்று கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகக் கூட்டிப்போனார். எந்தக் கடையில் முருங்கைக்காய் நல்லது, ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் எந்தத் தெருவில் திரும்பும், தாங்கள் வந்து இறங்கிய காலத்தில் இங்கே என்ன இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்ததில் எனக்குக் கிடைத்த பாரிஸ் தனி. லூவ்ருக்கு வார நாளில் நானே போய்க்கொண்டேன்.

சூரிக் ரயில் கிளம்புவது கார் து லியோன் என்ற வேறு நிலையத்திலிருந்து. நகரத்தைக் குறுக்கே கடக்க ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பயணம் சுமார் நான்கு மணி நேரம்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது: நண்பரை ஒரு நாளாவது உங்களோடு ரயிலில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது, சமையல் இருக்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அறைத்தோழியோடு இரண்டு நாள் இருந்தும் பாதிப் பேச்சு பாதியிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்ள, அவள் என்னோடு இத்தாலி எல்லையிலுள்ள திரானோ வரை வந்தாள். சுவிஸ்காரர்கள் பலரிடம் இருக்கும் அரைக் கட்டண அட்டை அவளிடமும் இருந்ததால் செலவும் பெரிதாகத் தெரியவில்லை.

சூரிக்கிலிருந்து கூர், அங்கிருந்து சிவப்பு நிற ரேட்டியன் ரயில். ஃபிலிசூர் வருவதற்குச் சற்று முன் 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்துபோய், நேரே செங்குத்தான பாறையின் துளைக்குள் நுழைகிறது. செயின்ட் மோரிட்ஸ் தாண்டியதும் பெர்னினா பாதை. 1910இல் முடிந்த பாதை இது. நம் நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கே அதைவிடச் சற்றே குறைந்த சரிவில், 100 மீட்டருக்கு 7 மீட்டர் என்று, பல்சக்கரம் இல்லாமலே சாதாரணச் சக்கரத்தில் ஏறுகிறார்கள். உச்சியான ஓஸ்பிட்சியோ பெர்னினா 2,253 மீட்டர். பக்கத்தில் பனியாற்று நீர் கலந்து வெளுத்துக் கிடக்கும் ஏரி. அங்கிருந்து இறக்கம். வளைந்து வளைந்து பொஸ்கியாவோ பள்ளத்தாக்குக்கு வந்தால் பெயர்ப்பலகைகள் இத்தாலிய மொழிக்கு மாறியிருக்கும், சில கிராமங்களில் ரயில் தெருவிலேயே கார்களோடு சேர்ந்து போகும். புருசியோவில் ஒரு முழு வட்டமடித்துத் தன் பாலத்துக்குக் கீழேயே நுழைந்து வருகிறது. கடைசியில் 429 மீட்டரில் திரானோ, இத்தாலி.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, பாஸ் போதும். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கவும் முடியும். நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் அப்பா இறந்த வருடத்தைப் பற்றி, அங்கே குடியேறிய முதல் குளிர்காலத்தைப் பற்றி, நான் விட்டுவந்த வேலையைப் பற்றியெல்லாம் பேசி முடித்தது அந்த ரயிலில்தான். திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலிய நிலையமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. சேர்ந்து சாப்பிட்டோம். அவள் வந்த வழியே திரும்பினாள், நான் கோமோ ஏரியோரமாகப் போகும் உள்ளூர் ரயிலில் மிலானுக்குப் போனேன்.

மிலானிலும் வெனிஸிலும் விடுதியில்தான் தங்கினேன். நண்பர்கள் வீடுகளுக்கு நடுவில் இப்படிச் சில இரவுகள் தனியாக இருப்பது தேவை. துணி துவைக்கலாம், பேசாமல் இருக்கலாம்.

லுப்லியானா போகும் வழியைச் சொன்னது அந்த ஊர் நண்பர். வெனிஸிலிருந்து உள்ளூர் ரயிலில் கோரிட்சியா. அங்கே எல்லையைக் கடந்தால் ஸ்லோவேனியாவின் நோவா கோரிட்சா நிலையம். நிலையத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தின் நடுவிலேயே இரு நாட்டு எல்லைக் கோடு போகிறது. 2004 வரை அங்கே வேலி இருந்தது. அங்கிருந்து ஜெசனிட்சே வரை 1906இல் திறந்த போஹின் பாதை, பிறகு ரயில் மாறி லுப்லியானா. கிளம்பிய சற்று நேரத்தில் சொல்கான் பாலம் வரும். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல் வளைவு, கீழே பச்சை நிறத்தில் சோச்சா ஆறு. ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய கல் வளைவு உலகில் இல்லை. ஒரு நாளில் ஓடும் ரயில்கள் குறைவு, எனவே நேரம் பார்த்துப் போங்கள். ஊர்க்கார நண்பர் இல்லாவிட்டால் இந்த வழி எனக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு நண்பரிடமும், "நீ உன் ஊருக்கு எந்த ரயிலில் வருவாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசிக் கட்டமாக லுப்லியானாவிலிருந்து மாரிபோர், கிராட்ஸ் வழியாக வியன்னா, ஆறு மணி நேரம் போல. வியன்னாவுக்கு முன் செம்மரிங் மலைப்பாதை, கார்ல் கேகா 1854இல் கட்டி முடித்தது. அதையும் பகலில் கடங்கள்.

இரவு ரயில் விடுதிச் செலவை மிச்சம் பிடிக்கும், பாஸில் கிளம்பும் நாள் ஒன்றுதான் கழியும், உண்மை. ஆனால் காலை ஆறரைக்கு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவர்களுக்குச் சிரமம். நண்பர்களுக்கு நடுவே தூரம் மிக அதிகமாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

அப்புறம், வீட்டில் தங்கும் விஷயம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கைகொடுக்கும். ஞாயிறு போய்ச் சேர்கிறீர்கள் என்றால் வரும் வழியிலேயே பழம், பால் வாங்கிக்கொண்டு போங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அடுக்குமாடி வீடுகளில் சத்தம் கூடாது, பாத்திரம் கழுவுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, முறுக்கு, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் இறைச்சி, உப்புக்கண்டம் மாதிரிச் சமாச்சாரங்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் எடுத்துப்போகத் தடை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டாம். பை 40 லிட்டருக்குள் இருக்கட்டும், ரயில் மாறும் இடங்களில் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டிவரும். மாறுவதற்கு ஜெர்மனியில் அரை மணி நேரமாவது விடுங்கள், நெடுந்தூர ரயில்கள் தாமதமாவது அங்கே சகஜம். ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள்ளும் எல்லைச் சோதனை நடக்கிறது, பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்.

விசாவை எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நண்பர் வீட்டில் தங்குகிறேன் என்றால் அவருடைய அழைப்புக் கடிதமும் முகவரிச் சான்றும் வேண்டும். பிரான்சில் இதற்கென்றே தனிப் பத்திரம் இருக்கிறது. அதை உங்கள் நண்பர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், வீட்டுக் காகிதங்களைக் காட்டி, கட்டணம் கட்டி வாங்கி, அசலை உங்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதற்கு நாளாகும். நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இன்றைக்கே பிரான்ஸ் நண்பருக்குச் செய்தி அனுப்பி அதிலிருந்து தொடங்குங்கள்.